சோலை இருட்டில் ஒரு பைனாகுலர்: நிக்கான் மோனார்க் எம்5 8×42, நீலகிரிக் குளிர்காலத்துக்குச் சரிப்படுமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் பறவை பார்க்க ஒரே ஒரு பைனாகுலர்தான் வாங்க முடியும் என்பவர்கள் நிக்கான் மோனார்க் எம்5 8×42 வாங்கலாம். மலைப் பள்ளத்தாக்கின் அடர்ந்த காடான இருண்ட சோலைக்குள் வெளிச்சம் போதும். காலடியில் வந்து உட்காரும் பறவைக்கும் ஃபோகஸ் ஆகிறது. கண்ணாடி போட்டவர்களுக்கும் காட்சி வெட்டுப்படாமல் முழுதாகக் கிடைக்கிறது. பெரிய குறை ஒன்று உண்டு: பார்வைப் பரப்பு, அதாவது ஒரே பார்வையில் வட்டத்துக்குள் அடங்கும் அகலம், குறுகல். அந்தக் குறை எந்த இடத்தில் எந்தப் பறவையிடம் காலை வாருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பிற்பாடு வருத்தப்பட வேண்டியிருக்காது.

தொட்டபெட்டா உச்சியில் பகல் பதினொரு மணிக்கு நின்று பார்த்தால் எந்தப் பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். மலையில் பறவை பார்ப்பதற்கான சோதனை காலை ஏழு மணிக்கு, சோலையின் ஓரத்தில். ஜனவரியில் ஊட்டியில் சூரியன் உதிக்கவே சுமார் 6.45 ஆகிவிடும். பள்ளத்தாக்கின் அடியில் வெயில் விழ இன்னும் நேரமாகும். சோலை மரங்கள் உயரம் குறைந்தவை, ஆனால் கிளையும் இலையும் நெருங்கிப் பின்னியவை. பட்டையெல்லாம் பாசி. வெளியே புல்வெளி பளிச்சென்று இருக்கும்போதும் உள்ளே அந்தி மாதிரி இருக்கும். நீலகிரிச் சிரிப்பான், நீலகிரிச் சோலைக்கிளி, கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் ஆகிய மூன்றையும் தேடி வருபவர்கள் அந்த இருட்டுக்குள்தான் பார்த்தாக வேண்டும். அதிலும் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் சிறு நீலப் பறவை) காலை முதல் ஒரு மணி நேரத்தில்தான் பாதையோரம் தரையில் இறங்கி இரை தேடும். வெயில் ஏறிய பின் புதருக்குள் போய்விட்டால் அதன் குரல் மட்டும்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் முன் லென்ஸின் அளவையும் உருப்பெருக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 42 மி.மீ. லென்ஸை 8 மடங்கால் வகுத்தால் 5.25 மி.மீ. பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் கண் லென்ஸில் தெரியும் வெளிச்ச வட்டத்தின் விட்டம் அதுதான். மங்கலில் நம் கண்மணி விரியும்போது இந்த வட்டம் அதைவிடச் சிறியதாக இருந்தால் காட்சி இருண்டுவிடும். அதே மோனார்க் எம்5 வரிசையின் 10×42 தருவது 4.2 மி.மீ. வட்டம். கண்மணி நன்றாக விரிந்திருக்கும் வேளையில் 8×42 காட்டும் வெளிச்சம் 10×42ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவாக விரியாது என்பதால் அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் குறையும். அவர்களுக்கும் 8 மடங்கே நல்லது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: கை நடுக்கம். நான்கைந்து டிகிரி குளிரில் விரல் விறைத்த கையோடு 10 மடங்கைப் பிடித்தால் பறவையும் ஆடும், கிளையும் ஆடும். மூடுபனி இருந்தால் இன்னும் மோசம். எந்தக் கண்ணாடியும் பனியைத் துளைத்துப் பார்க்காது. உருப்பெருக்கம் கூடினால் இடையில் உள்ள பனியும் சேர்ந்து பெரிதாகித் தெரியும்.

வெளிச்சத்துக்கு லென்ஸ் மட்டும் போதாது. எம்5-இன் பிரிசத்தில், அதாவது தலைகீழ் உருவத்தை நிமிர்த்தும் உள் கண்ணாடிக் கட்டியில், ஒளியை இழக்காமல் திருப்பிவிடும் டைஎலக்ட்ரிக் பூச்சும், உருவத்தின் கூர்மையைக் காக்கும் ஃபேஸ் பூச்சும் இருக்கின்றன. லென்ஸில் நிறங்கள் பிரிந்து சிதறுவதைக் குறைக்கும் ஈடி கண்ணாடி இருக்கிறது. ஈடி என்பது விளம்பரத்துக்காக ஒட்டும் எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். நீலகிரியில் அது தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. வெளுத்த பனி வானத்தைப் பின்னணியாக வைத்து, மர உச்சியில் நீலகிரிக் காட்டுப்புறா உட்கார்ந்திருக்கும். அதை உறுதிப்படுத்தும் அடையாளம் பின்கழுத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டம். சாதாரணக் கண்ணாடியில் இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கோடு ஓடும். கட்டம் அதில் கலங்கிவிடும். எம்5-இல் அந்தக் கோடு நடுப்பகுதியில் ஏறக்குறைய இல்லை, ஓரத்தில் கொஞ்சம் உண்டு. பறவையை நடுவில் வைத்துப் பார்த்தால் கட்டம் தெளிவாகப் பிரிந்து தெரிகிறது.

காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கும் இதே கணக்குதான். காஷ்மீர்ப் பகுதி மலைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதிக்கும் இலங்கை மலைகளுக்கும் வரும் சிறு பறவை இது. உலக அளவில் அழியும் அபாயத்துக்கு உள்ளானவற்றின் பட்டியலில் இருக்கிறது. இதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் ஊட்டிக்கு வருகிறார்கள். ஆணின் தொண்டையும் மார்பும் ஆரஞ்சுச் சிவப்பு. அந்தச் சிவப்பின் இரு ஓரத்திலும் கறுப்பு விளிம்பு ஓடும். அந்த விளிம்பைப் பார்த்தால்தான் செந்தொண்டை ஈப்பிடிப்பான் இனங்களிலிருந்து தைரியமாகப் பிரித்துச் சொல்லலாம். எதிர்வெயிலில், நிழல் விழுந்த கிளையில் அந்தக் கறுப்பைப் பார்க்க நிறம் மாறாமல் காட்டும் கண்ணாடி வேண்டும். எம்5 நிறத்தைக் குளிர்ச்சியாகவோ மஞ்சளாகவோ திருப்புவதில்லை.

அடுத்தது கிட்டத்துப் பார்வை. இந்தப் பைனாகுலர் 2.5 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். மலையில் பழகாதவர்களுக்கு இது தேவையில்லாத வசதியாகத் தோன்றலாம். கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் அப்படி நினைக்கவிடாது. பாதையோரக் குறும்புதரில், முழங்கால் உயரத்தில், மூன்று மீட்டரில் வந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் அசையாமல் இருக்கும் பறவை அது. ஐந்து மீட்டருக்குக் கீழே ஃபோகஸ் ஆகாத கண்ணாடியை வைத்திருப்பவர் பின்னால் அடியெடுத்து வைக்க வேண்டும். காய்ந்த இலையில் கால் பட்ட சத்தத்துக்கே பறவை போய்விடும்.

இப்போது குறை. எம்5 8×42-இன் பார்வைக் கோணம் 6.4 டிகிரி. 1,000 மீட்டர் தூரத்தில் 112 மீட்டர் அகலம். சோலை ஓரத்தில் நமக்கும் பறவைக்கும் இடையில் இருபது மீட்டர்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் வட்டத்துக்குள் அடங்குவது 2.24 மீட்டர். அதே நிறுவனத்தின் மோனார்க் எம்7 8×42 தருவது 8.3 டிகிரி, அதாவது இருபது மீட்டரில் 2.9 மீட்டர். தாளில் பார்க்க அரை மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். களத்தில் அப்படியில்லை.

குளிர்காலக் காலையில் எட்டு மணியை ஒட்டி, வெயில் மரத்தலையில் பட்டதும் கலப்புக் கூட்டம் கிளம்பும். முன்னால் வெள்ளைக்கண்ணிகள், நடுவே சாம்பல்தலை ஈப்பிடிப்பான், பட்டாணிக்குருவி, பட்டையில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், மேலே மின்சிட்டுகள், எல்லாவற்றுக்கும் இடையே வடக்கிலிருந்து வந்த கதிர்க்குருவிகள். முப்பது நாற்பது பறவைகள் ஒரே மரத்தில் மூன்று நிமிடம் மேய்ந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்த மூன்று நிமிடத்தில் எது எங்கே என்று பிடிப்பது அகன்ற பரப்பில் சுலபம், குறுகிய பரப்பில் கஷ்டம். எம்5 வைத்திருப்பவர் கூட்டத்தில் ஐந்து இனம் பார்த்தால், எம்7 வைத்திருப்பவர் ஆறாவதையும் பார்ப்பார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பழக்கத்தால் இதைப் பெருமளவு ஈடுகட்டலாம். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்கக் கூடாது. தலையையும் அசைக்கக் கூடாது. பைனாகுலர்தான் கண்ணுக்கு வர வேண்டும், கண் பைனாகுலரைத் தேடிக் குனியக் கூடாது. தூக்குவதற்கு முன் பறவைக்குப் பக்கத்தில் ஓர் அடையாளத்தை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: கவட்டை, காய்ந்த கொப்பு, வெளுத்த பாசித் திட்டு. ஃபோகஸ் சக்கரத்தை முன்கூட்டியே அந்த மரத்தின் தண்டுக்குச் சரிசெய்து வைத்துவிட்டால், பறவை வட்டத்துக்குள் வந்ததும் விரலை ஒரு நூல் நகர்த்தினால் போதும். கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட, அது போகும் திசையில் இருபது முப்பது மீட்டர் முன்னால் போய், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பது நல்லது. கூட்டம் தானாக வரும். வராமலும் போகும், அது வேறு.

கதிர்க்குருவிகளைப் பிரிப்பதற்கு இந்தக் கண்ணாடியின் நடுப்பகுதிக் கூர்மை தாராளம். அடிவயிறு முழுக்க மஞ்சளாக, இறக்கையில் கோடில்லாமல் இருப்பது டிக்கெல் கதிர்க்குருவி. மங்கிய ஒற்றை இறக்கைக் கோடு இருந்தால் பச்சைக் கதிர்க்குருவி. கோடும் இல்லை, மஞ்சளும் இல்லை, அலகு மெலிந்து நீண்டிருக்கிறது என்றால் டைட்லர் கதிர்க்குருவியா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பச்சைக் கதிர்க்குருவியின் இறக்கைக் கோடு ஜனவரிக்குள் தேய்ந்துபோய் இருக்கும். அதனால் கோடு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். எந்த விலைக் கண்ணாடியும் இந்த இடத்தில் குரலைக் கேட்கும் காதுக்கு ஈடாகாது.

வாங்கியதும் சரிசெய்யும் முறையை அரைகுறையாகச் செய்துவிட்டு, பைனாகுலர் தெளிவாக இல்லை என்று திட்டுபவர்கள் நிறையப் பேர். முதலில் இரண்டு குழாயையும் விரித்துச் சுருக்கி, இரு வட்டமும் ஒரே வட்டமாகும்வரை கொண்டுவர வேண்டும். பிறகு முப்பது மீட்டர் தூரத்தில் நுணுக்கமான கோடுகள் உள்ள ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கற்பூர மரப் பட்டை, தகரப் பலகை எழுத்து எதுவானாலும் சரி. வலது முன் லென்ஸை மூடிவிட்டு, இடது கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். அடுத்து இடது லென்ஸை மூடிவிட்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள டயாப்டர் வளையத்தை (இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டுவது) மட்டும் திருப்ப வேண்டும். மூடுவது லென்ஸைத்தான், கண்ணை அல்ல. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டால் மறு கண்ணும் சுருங்கி அளவு தப்பிவிடும். கிடைத்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பையில் உரசி வளையம் நகர்ந்தாலும் இருட்டில் திருத்திக்கொள்ளலாம்.

கண்ணாடி போடுபவர்கள் கண் லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் ஐகப்பை முழுதாக உள்ளே திருகி வைக்க வேண்டும். எம்5-இல் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இருக்கலாம் என்ற இடைவெளி 19.5 மி.மீ. இது தாராளமான அளவு. தடித்த ஃபிரேம் போட்டவர்களுக்கும் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படாது. இதே தாராளம் கண்ணாடி போடாதவர்களுக்குச் சிறு தொல்லை. ஐகப்பை முழுதாக வெளியே இழுத்தும் சிலருக்குக் காட்சியில் கறுப்பு நிழல் வந்து வந்து போகும். ஐகப்பைக் கண்குழிக்குள் அமுக்காமல், புருவ எலும்பில் சாய்த்து வைத்தால் நிழல் போய்விடும்.

குளிரில் எல்லோரும் முதலில் சலித்துக்கொள்வது கண் லென்ஸில் படியும் ஆவியைப் பற்றித்தான். இரவெல்லாம் காரில் கிடந்து ஜில்லிட்ட பைனாகுலரை முகத்தில் வைத்தால், மூச்சின் ஈரம் லென்ஸில் படிந்து வெளுத்துவிடும். குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் மூக்கை மூடியிருந்தால் மூச்சு நேராக மேலே ஏறி லென்ஸில்தான் போய் அடிக்கும். மஃப்ளரைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, வாயால் கீழ்நோக்கி மூச்சு விட்டாலே பாதித் தொல்லை தீரும். பைனாகுலரை ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே தொங்கவிட்டால் லென்ஸ் அவ்வளவு குளிராது. சட்டையோடு ஒட்டி வைக்க வேண்டாம், மேட்டில் ஏறும்போது வரும் வியர்வை ஈரம் இன்னொரு பக்கம் சேரும். படிந்த ஆவியைச் சட்டை நுனியால் துடைப்பதுதான் பெரிய கேடு. தேயிலைத் தோட்டப் பாதையின் செம்மண் தூசி லென்ஸில் உட்கார்ந்திருக்கும், துடைத்தால் பூச்சில் கீறல் விழும். காற்றில் அரை நிமிடம் ஆட்டினால் தானாகப் போய்விடும்.

மேலே படியும் ஆவி வேறு, உள்ளே படியும் ஆவி வேறு. எம்5 நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்டது, அதனால் உள்ளே ஆவி படியாது. அடைப்பில்லாத பைனாகுலரில் ஒருமுறை உள்ளே ஈரம் போய்விட்டால் அன்றைய காலை முடிந்தது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை நவம்பரிலும் டிசம்பரிலும் அடித்துப் பெய்யும். குளிர்காலம் என்றால் வறண்ட காலம் என்ற எண்ணத்தோடு அந்தப் பக்கம் வருபவர்கள் நீர்புகாத பைனாகுலர் மட்டும் எடுத்து வரவும். ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி, எமரால்டு பக்கம் அந்த மாதங்களில் ஒப்பளவில் வறட்சிதான்.

அறைக்குத் திரும்பும்போது கவனம் வேண்டும். ஜில்லிட்ட கண்ணாடியை அப்படியே டீ கொதிக்கும் கடைக்குள்ளோ, சூடேற்றிய அறைக்குள்ளோ கொண்டுபோனால் லென்ஸ், கீல், சக்கரம் எல்லாவற்றிலும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும்.

மலையில் வசிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி ஃபங்கஸ். ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். பீரோவுக்குள், துணிக்கு நடுவே, தோல் உறையில் வைத்த பைனாகுலரில் ஒரே மழைக்காலத்தில் சிலந்தி வலை போல வெள்ளை இழை பரவிவிடும். அது லென்ஸின் பூச்சைத் தின்றுவிடும். சுத்தம் செய்த பிறகும் தழும்பு நிற்கும். நைட்ரஜன் அடைப்பு உள்ளே காக்கும், வெளி லென்ஸைக் காக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிறு ஈரமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நூறு இருநூறு கிராம் துணிப் பையில். ஈரமானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை 110 முதல் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். அவன் இல்லாத வீட்டில், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில், மிகக் குறைந்த தீயில், ஜன்னலைத் திறந்துவைத்துக் கிளறினாலும் போதும். தோல் உறையையும் வாங்கும்போது வந்த துணி உறையையும் டப்பாவுக்குள் போட வேண்டாம், அவையே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெயிலில் காயவைப்பதாக ஜன்னலில் வைத்துவிட்டுப் போவதும் ஆபத்து. லென்ஸ் சூரியனைப் பார்த்தால் திரைச்சீலை எரியும்.

எடை 630 கிராம். கழுத்துப் பட்டையில் மூன்று மணி நேரம் தொங்கினால் பிடரி வலிக்கத் தொடங்கும். தோளில் மாட்டும் குறுக்குப் பட்டை தனியாக வாங்கிக்கொள்வது அவசியம் என்றே சொல்வேன். பைனாகுலர் நெஞ்சோடு ஒட்டி நிற்கும், குனிந்தால் ஊசலாடிப் பாறையில் மோதாது.

பைனாகுலரின் தரத்தோடு தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணாடியைக் கண்ணில் வைத்த ஆளுக்கு அக்கம்பக்கம் தெரியாது. குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் காட்டெருமை நிற்கும், கரடி கடக்கும். ஒவ்வொரு முறை தூக்கும் முன்பும் பின்பும் சுற்றிலும் ஒரு பார்வை. இருவராகப் போனால் ஒருவர் பார்க்கும்போது மற்றவர் காவல். காட்டெருமை தலையை ஆட்டிச் சீறினால் முதுகைக் காட்டாமல் பின்வாங்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையத் தேவையே இல்லை. சாலையோரச் சோலை விளிம்பிலும், குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல்பகுதி போன்ற இடங்களிலும் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு இழுப்பது வேண்டவே வேண்டாம். உறைபனிக் காலையில் இரவெல்லாம் பட்டினி கிடந்த பறவை அந்தப் பொய்க் குரலுக்குப் பதில் சொல்லத் தன் தெம்பைச் செலவழிக்கும். நல்ல கண்ணாடி கையில் இருப்பவருக்கு அந்தக் குறுக்குவழி தேவையும் இல்லை.

வேறு எது வாங்கலாம்? பணம் தடையில்லை என்றால் மோனார்க் எம்7 8×42. பரப்பு 8.3 டிகிரி, கிட்டத்து ஃபோகஸ் அதே 2.5 மீட்டர், எடை 670 கிராம், கண் இடைவெளி 17.1 மி.மீ. கண்ணாடி போடாதவர்களுக்கு யோசிக்காமல் இதைச் சொல்லலாம். தடித்த கண்ணாடி போடுபவர்கள் இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யவும். அவர்களுக்கு எம்5-இன் இடைவெளியே வசதியாக இருக்கக்கூடும்.

விலையைக் குறைக்க வேண்டுமென்றால் செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42. ஈடி கண்ணாடி இல்லாத சாதாரண வடிவம். அதனால் வெளுத்த வானத்துக்கு எதிரில் நிற விளிம்பு தெரியும். ஆனால் நீர் புகாது, கிட்டத்தில் சுமார் 2 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், பரப்பு 7.4 டிகிரி. கல்லூரி மாணவர்களுக்கும், பள்ளியில் பறவைக் கழகம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இதுதான் பொருத்தம். பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் நின்று பட்டியல் போட இது தாராளமாகப் போதும்.

அதற்கும் கீழே நிக்கான் அக்யுலான் ஏ211 8×42. பழைய பாணி போரோ பிரிசம், அதாவது முன் லென்ஸும் கண் லென்ஸும் ஒரே நேர்கோட்டில் இல்லாத வடிவம். 8 டிகிரி பரப்பு, கொடுத்த காசுக்கு வெளிச்சமும் கூர்மையும் வியக்க வைக்கும். மலைக்கு ஒத்துவராத மூன்று விஷயங்கள் அதில் இருக்கின்றன: நீர்புகாத அடைப்பு இல்லை, 5 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, எடை 755 கிராம். மசினகுடி, சீகூர் போன்ற வறண்ட அடிவாரத்திலும் சமவெளி ஏரிக்கரையிலும் அது அருமையான கண்ணாடி. ஊட்டிச் சோலைக்கு வேண்டாம்.

சுற்றுலா இடங்களில் சாலையோரம் விற்கும், முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக மின்னும், நூறு மடங்கு என்று அச்சடித்த ஜூம் பைனாகுலர்களைத் தொடவே வேண்டாம். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி பச்சையும் நீலமுமாகத் தெரியும். காஷ்மீர் ஈப்பிடிப்பானின் நெஞ்சுச் சிவப்பு அதில் செத்துப்போகும்.

கொடைக்கானலுக்கும் இந்தத் தேர்வு அப்படியே பொருந்தும். பறவைகள்தான் மாறும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே என்பதால் அங்கே நீலகிரிச் சிரிப்பானுக்குப் பதில் பழனிச் சிரிப்பான், நீலகிரிச் சோலைக்கிளிக்குப் பதில் வெள்வயிற்றுச் சோலைக்கிளி. பாம்பே சோலையின் இருட்டு ஊட்டியின் இருட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

கடையில் வாங்கினால் பெட்டியைத் திறந்து அங்கேயே சோதிக்க வேண்டும். தூரத்து மின்கம்பியையோ கூரை முகட்டையோ பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து விலக்கினால், இரு குழாயிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் பிரிசம் நகர்ந்திருக்கிறது, அரை மணி நேரத்தில் தலைவலி வரும். கண் லென்ஸின் வெளிச்ச வட்டம் இரண்டும் முழு வட்டமாக இருக்கின்றனவா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். சக்கரம் முழுச் சுற்றும் ஒரே இறுக்கத்தில் ஓட வேண்டும்.

பழையது வாங்குபவர்களுக்கு இன்னும் ஒரு சோதனை. இருட்டறையில் செல்போன் டார்ச்சை முன் லென்ஸ் வழியாகச் சாய்வாக அடித்து, கண் லென்ஸ் பக்கமிருந்து பார்க்க வேண்டும். பிறகு திருப்பி வைத்து மறுபுறமும் அப்படியே. நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. கிளைவிட்ட இழையோ மேகம் மாதிரிப் படலமோ தெரிந்தால், விலை பாதியாக இருந்தாலும் விட்டுவிடவும். மலையில் பல வருடம் இருந்த பைனாகுலர் என்றால் ஐகப்பை முழுதாக வெளியே திருகி, அதன் அடியில் உள்ள பள்ளத்தையும் பார்க்கவும். ஃபங்கஸ் பெரும்பாலும் அங்கிருந்துதான் லென்ஸுக்கு ஏறுகிறது.